ஸ்டாக்டன் 1989: கம்போடிய அகதிகளுக்கு எட்டிய சிகிச்சையும் எட்டாத சிகிச்சையும்

நடந்தது

1989 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை நேரம். கலிஃபோர்னியா மாநிலம் ஸ்டாக்டன் நகரில் உள்ள கிளீவ்லண்ட் தொடக்கப் பள்ளிக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதில் வந்த 24 வயது இளைஞன் காருக்குத் தீ வைத்துவிட்டு, ஏகே-47 வகையைச் சேர்ந்த சீனத் துப்பாக்கியுடன் பள்ளி வளாகத்துக்குள் புகுந்தான். திடலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நோக்கிச் சுமார் மூன்று நிமிடத்தில் நூறு தோட்டாக்களுக்கு மேல் சுட்டான். பிறகு கைத்துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தான். ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள். நான்கு சிறுமிகள், ஒரு சிறுவன். எல்லோரும் ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள். நான்கு பேர் கம்போடியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஒரு சிறுமியின் குடும்பம் வியட்நாமிலிருந்து வந்தது. ஓர் ஆசிரியர் உட்பட ஏறத்தாழ 30 பேர் காயமடைந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் தென்கிழக்காசிய அகதிகளின் பிள்ளைகள்தான்.

சுட்டவன் சின்ன வயதில் அதே பள்ளியில் படித்தவன். அவன் படித்தபோது அங்கே அகதிப் பிள்ளைகள் கிடையாது. 1989 வாக்கில் மாணவர்களில் பெரும்பான்மையே அவர்கள்தான். ஆசியர்கள் வந்து வேலைகளையெல்லாம் பறித்துக்கொண்டார்கள் என்று அவன் தெரிந்தவர்களிடம் கறுவிக்கொண்டிருந்திருக்கிறான். மாநில அட்டர்னி ஜெனரலுக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அவன் தென்கிழக்காசியர்களைக் குறிவைத்ததற்குப் பின்னால் இருந்தது இனவெறுப்பு என்று அது சொன்னது. அந்த அக்டோபர் மாதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆசியர்கள் மீதான இனவெறியும் மனநலமும் என்று இன்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் 2020இல், கொரோனாவில் ஆரம்பிக்கிறார்கள். முப்பது ஆண்டு பின்னால் போவதில் ஒரு நன்மை உண்டு. அடிபட்ட ஒரு சமூகத்துக்கு முதல் வாரத்தில் என்ன கொடுத்தார்கள், இருபது ஆண்டு கழித்து அது எப்படி இருந்தது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஆசியர்கள் மனநல மருத்துவரிடம் போகாததற்கு வெட்கம்தான் காரணம் என்று ஒரு விளக்கம் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. கம்போடியர்களைப் பற்றிக் கிடைக்கும் தகவல்களைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை.

அந்தக் குடும்பங்கள்

கம்போடியாவில் 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி நடந்தது. பட்டினி, நோய், கட்டாய வயல்வேலை, கொலை என்று அந்த நான்கு ஆண்டுக்குள் சுமார் 17 லட்சம் பேர் இறந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பிழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் கண்ணிவெடி பதித்த காடுகள் வழியாகத் தாய்லாந்து எல்லைக்கு நடந்து போய், காவோ இ டாங் போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1980இல் அமெரிக்கா அகதிகள் சட்டம் கொண்டுவந்த பிறகு அவர்கள் பெருமளவில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஆரம்பத்தில் அரசு அவர்களைப் பல மாநிலங்களுக்கும் பிரித்து அனுப்பியது. அவர்களோ சொந்தக்காரர் இருக்கும் ஊர், வாடகை குறைந்த ஊர் என்று தாங்களாகவே இடம் மாறினார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் லாங் பீச் பெரிய கம்போடிய நகரமானது அப்படித்தான். விவசாயப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஸ்டாக்டனுக்குக் கம்போடியர், ஹ்மாங், லாவோ, வியட்நாமியர் எல்லோரும் வந்தார்கள். பார்க் வில்லேஜ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் கம்போடியக் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. அதாவது, சுடப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரில் பலர் துப்பாக்கிக்குத் தப்பித்தான் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருந்தார்கள்.

இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெமர் ரூஜ் படித்தவர்களைத் தேடித் தேடி ஒழித்தது. 1979இல் கம்போடியாவில் எஞ்சியிருந்த மருத்துவர்கள் சில பத்துப் பேர்தான். மனநல மருத்துவர் ஒருவர்கூட இல்லை. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு கம்போடியாவில் பத்து மனநல மருத்துவர்கள் பயிற்சி முடித்து வெளிவந்தது 1990களின் பிற்பகுதியில். ஆக, 1989 ஜனவரியில் ஸ்டாக்டனில் ஒரு தாய்க்குக் கம்போடியர்களின் கெமர் மொழி பேசும் மனநல மருத்துவர் வேண்டுமென்றால், எங்கிருந்து வருவார்? வந்திருக்க வேண்டிய தலைமுறையே கொல்லப்பட்டிருந்தது. "அவர்கள் டாக்டரிடம் வருவதில்லை" என்று குறிப்பெழுதியவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதல் வாரங்கள்

மறுநாளே பள்ளியைத் திறந்தார்கள். இரவோடிரவாக இரத்தக் கறையைக் கழுவியாகிவிட்டது. வழக்கம் விட்டுப் போகக் கூடாது, பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினால் பயம் தெளியும் என்பது அன்றைய அறிவுரை. இன்றும் பெருமளவுக்கு அதேதான். பெரும்பாலான பிள்ளைகள் வரவில்லை. ஆலோசகர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வந்தார்கள், அமெரிக்கா முழுவதிலிருந்தும் கடிதங்களும் பொம்மைகளும் வந்தன, பிப்ரவரி 7 அன்று மைக்கேல் ஜாக்சனே பள்ளிக்கு வந்தார். நல்லெண்ணத்துக்கு அந்த ஊரில் பஞ்சம் இருக்கவில்லை.

அந்தக் காலத்து மருத்துவ அறிவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனக்கோளாறு, அமெரிக்க நோய் வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றதே 1980இல். பிள்ளைகளிடம் அது எப்படித் தெரியும் என்ற விவரங்கள் 1987 திருத்தத்தில்தான் சேர்ந்தன. 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தொடக்கப் பள்ளித் திடல்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு ராபர்ட் பைனூஸ் குழுவினர் 159 பிள்ளைகளை ஆராய்ந்து, தோட்டா பாய்ந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தார்களோ அவ்வளவு கடுமையான பாதிப்பு என்று காட்டியிருந்தார்கள். ஸ்டாக்டனுக்கு வந்தவர்கள் கையில் இருந்த அறிவு ஏறக்குறைய இவ்வளவுதான். இதில் திடலில் இருந்த பிள்ளைக்கு இடம் உண்டு. துப்பாக்கிச் சத்தம் என்றாலே 1977க்குத் திரும்பிப் போய்விடும் அதன் பாட்டிக்கு இடம் இல்லை.

பெற்றோரைச் சென்றடைந்த வைத்தியம் வேறு வழியில் வந்தது. புத்த பிக்குகள் பள்ளிக்கு வந்து மந்திரம் ஓதி, வளாகத்தைச் சுத்தி செய்தார்கள். அகால மரணம் அடைந்தவர்களின் ஆவி இறந்த இடத்திலேயே அலையும் என்பது கம்போடியர்களின் நம்பிக்கை; நம் ஊரிலும் புதிதல்ல. அந்த ஆவிகளுக்கு ஒரு வழி செய்யாமல் அதே திடலுக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது? பள்ளி நிர்வாகம் இதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல் அனுமதித்தது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன். அரசுப் பள்ளியில் மதச் சடங்கா என்று அமெரிக்காவில் எளிதாகக் கேட்டுவிட முடியும். மொழிபெயர்ப்பாளர், விண்ணப்பப் படிவம், காப்பீட்டு எண் எதுவுமே தேவைப்படாமல் ஊர் முழுவதும் சேர்ந்து பெற்ற சிகிச்சை அது. ஆனாலும் சடங்கு முடிந்த பிறகு வீட்டில் தூக்கமில்லாமல் கிடந்தவரைத் தொடர்ந்து கவனிக்கும் வேலை பிக்குகளுடையது அல்ல. அந்தத் தொடர்ச்சிதான் இல்லாமல் போனது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் கலிஃபோர்னியா, 1965இலேயே. அது மனநல ஆலோசனைக்கும் பணம் தரும். காகிதத்தில் பார்த்தால் வழி திறந்தே இருந்தது. ஆனால் பணம் போவது உரிமம் பெற்ற சிகிச்சையாளருக்கு. உரிமம் பெற்றவருக்குக் கெமர் தெரியாது, கெமர் தெரிந்தவருக்கு உரிமம் கிடையாது. இடையில் நின்று மொழிபெயர்த்தவர்கள் பெரும்பாலும் அதே சமூகத்து ஆட்கள், கெமர் ரூஜ் தலைவன் போல் பாட்டின் காலத்தைத் தாங்களும் கடந்து வந்தவர்கள். பல குடும்பங்களில் அந்த வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மருத்துவமனையில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு ராத்திரி என்ன கனவு வருகிறது" என்ற கேள்வியைக் கெமரில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அம்மா என்ன சொல்வாள்? தலைவலி என்பாள்.

தலைவலி, மயக்கம், காற்று

தலைவலி என்பதும் பொய்யில்லை. கம்போடியர்களிடம் மனக்காயம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வெளியே வரும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், கழுத்து இறுகும், கை கால் சில்லிடும். இதை அவர்கள் 'கியால்' என்பார்கள். உடம்புக்குள் ஓடும் காற்று. அது இரத்தத்தோடு மேலேறினால் கழுத்து இரத்தக்குழாய் வெடித்துவிடும், உயிரே போய்விடும் என்ற பயம். பயம் கூடக் கூடப் படபடப்பு ஏறும், படபடப்பு ஏற ஏறப் பயம் கூடும். வாயுக் கோளாறு, வாயுப் பிடிப்பு என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. அமெரிக்க மனநல மருத்துவத்துக்கு நேரம் பிடித்தது. அமெரிக்க நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பாக 2013இல் வந்த டிஎஸ்எம்-5இல்தான் கியால் தாக்கம் பண்பாடு சார்ந்த துயர வடிவங்களில் ஒன்றாகப் பட்டியலில் ஏறியது.

வீட்டு வைத்தியம் எளிமையானது. தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகிலும் மார்பிலும் ஒரே திசையில் அழுத்தித் தேய்ப்பார்கள். காற்று வெளியேறும் என்று நம்பிக்கை. தோலில் விலா எலும்பு போல வரிசையாகச் சிவப்புக் கோடுகள் எழும்பி, சில நாளில் மறையும். சரி, இந்தக் கோடுகளோடு ஒரு பிள்ளை பள்ளிக்குப் போனால் என்ன நடக்கும்? குழந்தை அடிக்கப்பட்டதாகச் சந்தேகம் வந்தாலே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை அமெரிக்க ஆசிரியருக்கும் பள்ளி நர்ஸுக்கும் உண்டு. நாணயம் தேய்த்த தழும்பைச் சித்திரவதை என்று எடுத்துக்கொண்ட சம்பவங்கள் 1980களில் அந்த நாட்டு மருத்துவ இதழ்களில் பேசப்பட்ட விஷயம். உதவி கேட்டுப் போன இடத்தில் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயப்படும் தாய் அடுத்த முறை போவாளா?

லாங் பீச் பகுதியில் இதைவிட விசித்திரமான ஒன்று 1980களில் பதிவானது. நடுவயதைத் தாண்டிய கம்போடியப் பெண்கள் பலர் பார்வை தெரியவில்லை என்று கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். சோதித்தால் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. கெமர் ரூஜ் காலத்திலும் முகாம்களிலும் அதிக ஆண்டுகள் கழித்தவர்களுக்குப் பார்வைக் குறைவும் அதிகமாக இருந்தது. அவர்கள் கண்முன்னே என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மனநலப் பிரிவு என்று பலகை போட்ட கட்டடத்துக்கு அவர்கள் போகவில்லை, கண் மருத்துவமனைக்குப் போனார்கள். கவனிக்க வேண்டிய விஷயம்: போனார்கள்.

வெட்கமா, செலவா

ஆசியர்கள் சிகிச்சை நாடுவது குறைவு என்பது உண்மைதான். 2002–03இல் நடந்த தேசிய ஆய்வில், அதற்கு முந்தைய ஓராண்டில் மனநலம் சார்ந்த சேவை எதையேனும் பெற்ற ஆசிய அமெரிக்கர்கள் 8.6 சதவீதம். ஒட்டுமொத்த மக்கள்தொகையில் அது 17.9 சதவீதம். 1970களிலேயே சியாட்டில் பகுதி மனநல மையங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி சூ, வந்த ஆசியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் சந்திப்போடு நின்றுவிட்டதைக் காட்டினார். ஒரு தடவை வந்தார்கள், பார்த்தார்கள், இது நமக்கு ஆகாது என்று போய்விட்டார்கள். வெட்கப்படுகிறவர் முதல் தடவையே வந்திருக்க மாட்டார்.

கம்போடியர்களைப் பற்றிய கணக்கு இன்னும் கூர்மையானது. லாங் பீச்சில் 35 முதல் 75 வயது வரையுள்ள ஏறத்தாழ 500 கம்போடியர்களை வீடு வீடாகச் சந்தித்து எடுத்த ஆய்வு 2005இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்கா வந்து இருபது ஆண்டு ஆன பிறகும் 62 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி, 51 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு. குடும்பத்திலோ நட்பிலோ ஒருவரைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்கள் 90 சதவீதம். அதிகம் மேற்கோள் காட்டப்படும் எண்கள் இவை. அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு, அதைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள்: அமெரிக்காவில் குடியேறிய பிறகு வன்முறைக்கு ஆளானவர்கள் 70 சதவீதம். எல்லாம் போல் பாட் காலத்துக் காயம் என்று பழங்கணக்கில் எழுதிவிட முடியாது. வந்த இடத்திலும் அடி விழுந்துகொண்டேதான் இருந்தது.

அடுத்த ஆண்டு அதே குழுவினர் இரண்டு கேள்விகளுக்கு விடை தந்தார்கள். பாதிப்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள்? ஓராண்டுக்குள் சாதாரண மருத்துவரிடம் மனத்துயரத்தைச் சொன்னவர்கள் 70 சதவீதம், மனநலச் சேவைக்கே போனவர்கள் 46 சதவீதம். லாங் பீச்சில் அதற்குள் கெமர் பேசும் பணியாளர்கள் உள்ள மையங்கள் வந்திருந்தன என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். போகாமல் தடுப்பது எது? செலவு என்றவர்கள் 80 சதவீதம். மொழி என்றவர்கள் 66 சதவீதம். மேற்கத்திய மருத்துவத்தில் நம்பிக்கையில்லை என்றவர்கள் வெறும் 4 சதவீதம்.

இதைப் படித்த பிறகும் "அவர்கள் பண்பாடு அப்படி" என்று பேசிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம். வெட்கம் இல்லவே இல்லை என்று சொல்லவரவில்லை. மகள் மாத்திரை சாப்பிடுவது பெண் பார்க்க வரும் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை எந்த ஆசியக் குடும்பத்தில் இல்லை? ஆனால் வெட்கத்தைக் குறைக்க விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டினால் போதும். மொழி தெரிந்த ஆளை வேலைக்கு வைக்க வேண்டுமென்றால் மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். எந்த விளக்கம் மலிவானதோ அதுதான் நிலைத்தது.

பயம் நியாயமானது என்றால்

இப்போது அந்த அக்டோபருக்கு வருகிறேன். ஜனவரியில் சம்பவம், மார்ச்சில் மூத்த ஜார்ஜ் புஷ் அரசு இத்தகைய துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது, மே மாதத்தில் கலிஃபோர்னியா ராணுவப் பாணித் துப்பாக்கிகளைத் தடைசெய்த முதல் மாநிலமானது. ஸ்டாக்டன் என்றால் துப்பாக்கிச் சட்டம் என்று வரலாற்றில் பதிவாகிவிட்டது. இனவெறுப்பைப் பற்றிய அறிக்கை அதற்கெல்லாம் பிறகு வந்தது. சட்டம் வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கொல்லப்பட்டவர்கள் யார், ஏன் அந்தப் பள்ளி என்ற கேள்வி பொதுவெளியில் அடங்கிப்போனது.

இதற்கும் சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம்? நிறைய. மனக்காயத்துக்கான பேச்சு சிகிச்சைகள் பெரும்பாலும் ஓர் அனுமானத்தின் மீது நிற்கின்றன: ஆபத்து முடிந்துவிட்டது, மனம்தான் இன்னும் அதை நம்ப மறுக்கிறது. அதனால் தவிர்க்கும் இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவைத்து, ஒன்றும் ஆகாது என்று மனதுக்குக் காட்டுவார்கள். விபத்தில் சிக்கியவருக்கு இது அருமையாக வேலை செய்யும். தன் முகத்துக்காகவே சுடப்பட்ட ஒருவருக்கு? அந்த முகத்தோடுதான் அவர் நாளையும் பஸ் ஏற வேண்டும். 1982இல் டெட்ராய்ட்டில் சீன அமெரிக்கரான வின்சென்ட் சின்னை ஜப்பான்காரர் என்று நினைத்து அடித்துக் கொன்றவர்கள் அந்தக் கொலைக்காக ஒரு நாள்கூடச் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை என்பது அமெரிக்காவில் ஆசியர்கள் பலருக்கும் தெரிந்த செய்தி. "உங்கள் பயம் மிகையானது" என்று சிகிச்சையாளர் சொன்னால், இவருக்கு நம் நிலைமை தெரியவில்லை என்று நோயாளி முடிவு கட்டிவிடுவார். முதல் சந்திப்போடு நின்றுபோகும் பாதிப்பேரில் இவர்களும் இருப்பார்கள்.

2021 மார்ச் 16 அன்று அட்லாண்டா பகுதி ஸ்பாக்களில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். மறுநாள் காவல் அதிகாரி ஒருவர், சுட்டவனுக்கு அன்று மோசமான நாளாக இருந்தது என்ற பொருளில் பேசினார். காமவெறியைக் காரணமாகச் சொன்னான், இனத்தைச் சொல்லவில்லை என்றும் செய்தி வந்தது. கொலைகள் நடந்த இரண்டு மாவட்டங்களில் ஒன்று வெறுப்புக் குற்றமாக வழக்கை நடத்த முடிவெடுத்தது, மற்றொன்று எடுக்கவில்லை. நாடு முழுவதும் ஆசியப் பெண்கள் அன்று பட்ட வேதனையில் ஒரு பகுதி கொலைகளால். மற்றொரு பகுதி, நமக்கு நடந்தது இதுதான் என்று நாமே சொல்லக்கூடாதா என்ற ஆற்றாமையால்.

ஆசியர்கள் மீதான வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்யும் ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் அமைப்புக்கு 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை வந்த புகார்கள் ஏறத்தாழ 11,500. நேரடி உடல் தாக்குதல் அவற்றில் சுமார் ஆறில் ஒன்று; பெரும்பாலானவை திட்டு, ஏச்சு. நீதிமன்றம் வரை போகாத, ஆனால் அடுத்த நாள் வெளியே போகத் தயங்கவைக்கும் சங்கதிகள். சிகிச்சையாளர் கேட்கும் பட்டியலில் போர், விபத்து, பாலியல் வன்முறை என்றெல்லாம் இருக்கும். தெருவில் யாராவது உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்றார்களா என்று கேட்க வேண்டும் என்பது ரொம்பப் பிந்தி வந்த யோசனை.

விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் 2012 ஆகஸ்ட் 5 அன்று வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். படுகாயமடைந்து படுக்கையிலேயே கிடந்த ஏழாமவர் 2020இல் இறந்தார். அங்கே சபையாரே வந்து கழுவி, பூசி, சில நாளில் குருத்வாராவைத் திறந்து லங்கர் சமையலை மீண்டும் தொடங்கினார்கள். ஒரே ஒரு குண்டுத் துளையை மட்டும் மூடாமல் விட்டார்கள். தந்தையைப் பறிகொடுத்த மகன் ஒருவர் பிற்பாடு மனக்காயச் சிகிச்சையாளராகவே பயிற்சி பெற்றார். சீக்கியர்களுக்கு எதிரான குற்றங்களை எஃப்பிஐ தனி வகையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 2015இல். ஸ்டாக்டனோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது: ஓக் கிரீக்கில் இது இனவெறி என்று முதல் நாளிலிருந்தே உரக்கச் சொல்ல ஆங்கிலம் சரளமாகப் பேசும் இரண்டாம் தலைமுறை இருந்தது. 1989இன் கம்போடியர்களுக்கு அந்தத் தலைமுறை இன்னும் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தது.

வேலை செய்தவை

எல்லாமே தோல்விக் கதை இல்லை. ஓரிகானில் டேவிட் கின்ஸி 1977லேயே இந்தோசீன அகதிகளுக்கென்று மனநல மையம் தொடங்கினார். அங்கே மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரை வாடகைக்கு எடுக்கவில்லை. ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒருவரை ஆலோசகராகப் பயிற்றுவித்து, மருத்துவருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்காரவைத்தார்கள். அதே குழு போர்ட்லண்டில் 40 கம்போடிய மாணவர்களை ஆராய்ந்தபோது பாதிப்பேருக்கு பிடிஎஸ்டி இருந்தது. சொந்தக் குடும்பத்தில் ஒருவரோடாவது சேர்ந்து வாழ்ந்த பிள்ளைகள் தனியே வளர்ப்புக் குடும்பங்களில் இருந்தவர்களைவிடத் தேறியிருந்தார்கள். பிள்ளையைத் தனியே கூப்பிட்டு வைத்துப் பேசுவதைவிட வீட்டோடு சேர்த்துப் பார்ப்பதுதான் சரி என்பதற்கு 1986இலேயே இப்படி ஓர் ஆதாரம் இருந்தது. பாஸ்டனில் ரிச்சர்ட் மொல்லிக்கா 1981இல் தொடங்கிய மையமும் இதே வழியில் போனது.

மாசசூசெட்ஸின் லோவல் நகரில் டெவன் ஹின்டன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கியால் பயத்தை மறுக்காமல், அதையே சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். கழுத்து இறுகும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, அங்கிருந்து ஆரம்பிப்பார்கள். தலையை மெல்லச் சுழற்றும் பயிற்சி உண்டு. அப்போது தண்டின் நுனியில் காற்றில் ஆடும் தாமரையை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எந்தத் தலைசுற்றலும் கழுத்து அசைவும் மரண பயத்தைக் கிளப்பியதோ, அதே அசைவு புத்தர் கோவில் தாமரையோடு சேர்ந்துகொள்கிறது. பௌத்தத்தின் மைத்ரி தியானமும் அதில் சேர்ந்தது. மாத்திரையால் குணமாகாதவர்களிடம்கூட இது பலன் தந்ததை 2005இல் வெளியான அவர்கள் ஆய்வு காட்டியது.

இந்தப் பக்கம் ஒரு தமிழரும் வருகிறார். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1990களில் கம்போடியாவுக்கே போய், அடியோடு அழிந்துபோன மனநலச் சேவையை மீண்டும் தொடங்குவதில் பங்கெடுத்தார். கிராமப் பணியாளர்கள், பிக்குகள், பாரம்பரிய வைத்தியர்கள் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளாமல் நாலைந்து மருத்துவர்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பது அந்த முயற்சியின் அடிப்படை. போரில் காயப்படுவது தனிமனிதன் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று வடஇலங்கையை வைத்து அவர் பிறகு விரிவாக எழுதினார். ஸ்டாக்டனில் பிக்குகள் ஓதிய நாளை அந்தக் கோணத்தில் பார்த்தால் அது வெறும் சடங்கு என்று தோன்றாது.

கையில் இருப்பது

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கிளீவ்லண்ட் பள்ளியின் ஆசிரியர்கள் ஒன்று சேர்ந்து 'கிளீவ்லண்ட் ஸ்கூல் ரிமெம்பர்ஸ்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். இருபத்து மூன்று ஆண்டு கழித்து! ஆசிரியர்களுக்கும் சிகிச்சை தேவைப்பட்டிருக்கும் என்பதையே 1989இல் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

மொழி விஷயத்தில் ஓர் அடி முன்னே போய், ஓர் அடி பின்னே வந்திருக்கிறார்கள். அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் பொருளுள்ள சேவை தர வேண்டும் என்று கிளின்டன் 2000 ஆகஸ்டில் ஆணையிட்டார். 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த ஆணையோடு அதை டிரம்ப் ரத்து செய்தார். அடிப்படையான 1964 குடிமை உரிமைகள் சட்டம் இன்னும் இருக்கிறது, அதை வைத்துப் புகார் கொடுக்கலாம். எழுபது வயதைத் தாண்டிய கம்போடியப் பாட்டி புகார் கொடுக்கப் போவாரா என்பது வேறு விஷயம்.

பணம் என்று பார்த்தால் கலிஃபோர்னியா கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2021இல் ஆசிய பசிபிக் சமூகங்களுக்கென மாநிலம் 16.65 கோடி டாலர் ஒதுக்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி, மனநல ஆதரவு ஆகியவை உள்ளூர் அமைப்புகள் வழியாகவே போகும்படி அதில் ஒரு பகுதி அமைந்தது. இப்படிப்பட்ட ஒதுக்கீடுகளுக்குக் காலக்கெடு உண்டு. என் கணிப்பில் அதைவிட முக்கியமானது 2022 ஜூலையில் சத்தமில்லாமல் வந்த மாற்றம்: மாநில அரசுக் காப்பீடான மெடி-கால், சமூகச் சுகாதாரப் பணியாளர்களின் வேலைக்கும், அனுபவத்தால் தேறிப் பயிற்சி பெற்ற துணையாளர்களின் வேலைக்கும் பணம் கொடுக்க ஆரம்பித்தது. மருத்துவப் பட்டம் தேவையில்லை. துணையாளர் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை மட்டும் ஒவ்வொரு மாவட்டமும் முடிவு செய்துகொள்ளலாம். 1989இல் ஆலோசகருக்கும் தாய்க்கும் நடுவில் உட்கார்ந்து கெமரில் பேசியவர் இன்று பயிற்சி பெற்று அந்த வேலையைச் செய்தால், அவரை வைத்திருக்கும் அமைப்பு மெடி-காலுக்குப் பில் போட முடியும்.